விசையை விட்டால் நின்றுவிடும்

செப்டம்பர் 8, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் இன்சூரன்ஸ்காரர் கொடுத்தது. எட்டு மாதமாக ஆபீஸ் மேஜையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது. இன்று அதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது.

என் மனைவி வசந்தமணியின் வலது தோள் இறுகிவிட்டதாம். தினமும் சுவரில் விரல்களை மெல்ல ஏற்ற வேண்டும், எவ்வளவு உயரம் போகிறது என்று குறித்து வைக்க வேண்டும் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னார். அவள் எழுதுகிற ரகம் இல்லை. ஆகவே தெய்வசிகாமணியாகிய நான் எழுதுகிறேன்.

இன்றைய உயரம்: ஹாலில் காலண்டர் ஆணிக்கு ஒன்பது விரற்கடை கீழே. எண் குறையக் குறையக் கை மேலே போகிறது என்று கணக்கு.

டாக்டரின் இரண்டாவது கட்டளை: பக்கெட் தூக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது. நாங்கள் கோயமுத்தூர் கணபதியில் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். இரண்டு வெள்ளைக் கார்கள். ஆண்களுக்கு நான், பெண்களுக்கு அவள். கீழே ஆபீஸ், மேலே வீடு. காலை ஐந்து மணிக்கு இருவரும் இறங்கி வந்து கார்களைக் கழுவித் துடைப்போம். ஆறேகாலுக்கு முதல் வகுப்பு.

கற்றுக்கொடுப்பவர் இடது சீட்டில் உட்கார வேண்டும். பிரேக் காலடியில் தனியாக இருக்கிறது, ஸ்டியரிங் இல்லை. படிப்பவர் தடுமாறினால் வலது கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். இப்படியே கையைப் பாடுபடுத்தினால் ஆறு மாதம் வண்டியில் ஏறவே முடியாது என்கிறார் டாக்டர். விஜயதசமிக்குச் சேருவதற்கு இப்போதே பதினோரு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் வசந்தாவை நம்பித்தான்.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கார் கழுவும் பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி டாக்டரே சொன்னார். வாங்கிவிடலாம். ஒரு நாள் வேலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காட்டூரில் ஒரு மோட்டார் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது நிர்மலா என்கிற அம்மா. நாற்பது வயதிருக்கும். மோட்டாரைத் தட்டிப் பார்த்தே உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது. அவர் சொன்னதில் எழுதிக்கொண்டது:

காருக்கு 120 பார் அழுத்தம் போதும். நிமிடத்துக்கு ஏழு லிட்டர் தண்ணீர் போகும். கார்பன் பிரஷ் மோட்டார் எடை குறைவு, சத்தம் அதிகம். இண்டக்ஷன் மோட்டார் கனம், சத்தம் குறைவு, நிறைய நாள் உழைக்கும். ஒரு மாடலில் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கியின் விசையை விட்டால் மோட்டாரும் தானே நின்றுவிடுமாம். நின்றால் எனக்கென்ன, ஓடினால் எனக்கென்ன.

ஒரு காருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பத்து நிமிடம் என்றார். பத்து நிமிடமா என்றேன். அதிகம் என்று நான் குறைபட்டுக்கொள்கிறேன் என்று நினைத்து, பழகிவிட்டால் எட்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று உற்சாகப்படுத்தினார்.

குழாய் ஐந்து மீட்டர்தான் இருக்கிறது. குட்டை. வாங்கவில்லை.

உயரம்: ஒன்பது விரற்கடை.

செப்டம்பர் 10, புதன்

மிஷின் வருகிறவரை நான் ஒருவனே கழுவிக்கொள்கிறேன் என்று நேற்றே சொல்லிவிட்டேன். வசந்தாவும் சரி என்றாள். ஐந்து மணிக்கு நான் பக்கெட்டை வைக்கிறேன், படியில் செருப்புச் சத்தம். வேடிக்கை பார்க்கத்தான் வந்தாளாம். ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தாள். அப்புறம் இடது கையில் துணியை எடுத்தாள். அப்புறம் வலது கையும் சேர்ந்துகொண்டது.

பேசியதில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது. ஓசூரில் மகன் பார்த்திருக்கும் வாடகை வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. எதிர்வீட்டு நாய்க்கு மூன்று குட்டி, ஒன்று நம் தபால்காரர் ஜாடை. நான் தூக்கத்தில் 'கிளட்ச், கிளட்ச்' என்று கத்துகிறேனாம். அவளுக்கு ஒரு முறையாவது மூணாறு மலைப்பாதையில் தானே ஓட்டிப்போக வேண்டும், பக்கத்தில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

மறுபடி காட்டூர். எட்டு மீட்டர் குழாய் போட்ட மாடல் வந்திருக்கிறது என்று நிர்மலா போன் செய்திருந்தார். போய்ப் பார்த்தேன். எட்டு மீட்டர் உண்மைதான். ஆனால் எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. மிஷினுக்கு ஆகுமா என்று கேட்டேன். ஃபில்டர் போட்டால் ஆகும் என்றார். காரில் வெள்ளைத் திட்டு விழுமே என்றேன். உடனே துடைத்துவிட்டால் விழாது என்றார். குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரில் கழுவலாம்தான், வீதியே திரண்டு வந்து திட்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதெல்லாம் அவசரப்பட்டு வாங்குகிற பொருளா?

உயரம்: ஒன்பதரை. சுவர் சற்றுக் கோணல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று வகுப்பு இல்லை. நிதானமாகக் கழுவினோம். டைரியில் இடம் இருப்பதால் ஒன்றை எழுதி வைக்கிறேன். மிஷினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நாங்கள் கழுவும்போது அவள் வலது பக்கம் நிற்பாள், நான் இடது பக்கம். நடுவில் கார். குனிந்து கதவைத் துடைக்கிறபோது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இது எப்படியோ பேச வசதியாக இருக்கிறது. மகன் ஒரு பெண்ணை விரும்புகிறான் என்று அவள் எனக்குச் சொன்னது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். நான் எழுந்து பார்ப்பதற்குள் முன்சக்கரத்துக்குப் போய்விட்டாள். சக்கரத்துக்குச் சக்கரம் நகர்ந்து நான்காவது சக்கரத்தில் நான் சம்மதித்தேன். மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று அவள் சொன்னதும் இப்படித்தான், காருக்கு அந்தப் பக்கமிருந்து. அது ஒன்றுமில்லாத கட்டி என்று ரிப்போர்ட் வந்த மறுநாள் நான் ஒரே கதவை அரைமணி நேரம் துடைத்தேனாம். அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

மற்ற நேரத்தில் அவள் ஒரு காரில், நான் ஒரு காரில். ராத்திரி சாப்பிட்டதும் இருவருக்கும் கண் சொருகிவிடும். மேலே வீட்டில் நாங்கள் பேசுவது கேஸ் புக் பண்ணியாயிற்றா, பால் வந்ததா என்கிற மட்டும்தான்.

சரி, இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. உயரம் ஒன்பதரை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கடைக்குப் போனேன். நிறம் சரியில்லை.

செப்டம்பர் 17, புதன்

மழை. கார் கழுவவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

நிர்மலா பொறுமைசாலி. கொண்டுபோய் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று இருப்பதிலேயே சின்ன மிஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஒன்றரை அடி தள்ளிப் பிடிக்க வேண்டும், தண்ணீரை விசிறி மாதிரி விரித்து அடிக்க வேண்டும், ஊசி மாதிரி அடித்தால் பெயின்டுக்கு ஆபத்து என்று மூன்று முறை சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே பாடம் எடுப்பவனுக்குப் பாடம் எடுத்தால் காதில் ஏறுமா? பின் கண்ணாடிக்கு அரை அடி தூரத்தில் வைத்து ஊசி மாதிரி ஒரே அடி. சிவப்பு 'எல்' எழுத்து ஸ்டிக்கர் உரிந்து பறந்து எதிர்வீட்டு கேட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே நாய் அதைப் பார்த்துக் குரைத்தது. மிஷின் போட்ட சத்தத்தில் வசந்தா படியில் நின்று சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. விசையை விட்ட பிறகும் அது ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கேட்டது.

"அந்த எல்ல எடுத்து உங்க சட்டைக்குப் பின்னால ஒட்டிக்கோங்க மாமா."

மிஷின் ஆபத்தானது என்று நிரூபணமாகிவிட்டது. நாளை திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. வசந்தாவைப் பற்றிய கவலை வேறு, இது வேறு.

செப்டம்பர் 19, வெள்ளி

திருப்பிக் கொடுத்தேன். இத்தனை தடவை அலையவிட்டதற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று நம் ஸ்கூல் கார்டைக் கொடுத்தேன். நிர்மலா எல்.எல்.ஆர். எடுத்து இரண்டு மாதம் ஆகிறதாம், பயத்தில் வண்டியைத் தொடவில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து வசந்தாவிடம் வருகிறார். நல்ல வியாபாரம் பண்ணினேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

ஆறாவது முறை. இண்டக்ஷன் மாடலைப் பார்த்தேன். சத்தம் குறைவுதான். ஆனால் கனம், மாடிப்படி ஏற்ற முடியாது என்றேன். எதற்கு மாடி ஏற்ற வேண்டும், ஆபீசில் வைக்கலாமே என்றார். ஆபீசில் இடம் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "அண்ணா, உங்களுக்கு மிஷின் வேணுமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். பாசமாகத்தான் கேட்டார். அவசர வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். அவசர வேலை எதுவும் இல்லை.

உயரம்: பதினொன்று. முன்பு நான் தப்பாக அளந்திருக்கலாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

தப்பாக அளக்கவில்லை.

காலை ஏழரைக்கு வசந்தா போன் செய்தாள். சத்தி ரோட்டுத் திருப்பத்துக்கு வரச் சொன்னாள். குரல் சாதாரணமாக இருந்தது, அதனாலேயே பயந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் கார் பூசணிக்காய்க் குவியலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. ஆயுத பூஜைக்காக ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த காய்கள். நிர்மலா திருப்பத்தில் ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்துவிட்டாராம். வசந்தா பிரேக்கை மிதித்துவிட்டாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டு காய் மட்டும் உடைந்தது. வியாபாரி நல்ல மனிதர். "அஞ்சு நாளைக்கு முன்னாலயே திருஷ்டி கழிஞ்சுது உடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நிர்மலாகூட அழுதுகொண்டே சிரித்தார்.

வசந்தா மட்டும் இடது சீட்டை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்தேன். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கை வரலீங் மாமா," என்றாள். "நீட்டுனேன். வரல."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அந்த இடத்தில் பூசணிக்காய் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றிருக்கலாம்.

பதினெட்டு நாள். முதல் நாளே வாங்கியிருந்தால் பதினெட்டு நாள் அந்தத் தோளுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். குழாய் குட்டை, தண்ணீர் உப்பு, நிறம் சரியில்லை, மாடி ஏற்ற முடியாது. இத்தனையும் என் கையெழுத்தில் இந்த டைரியில் வரிசையாக இருக்கின்றன. படிக்க வெட்கமாக இருக்கிறது. நான் தேடியது மிஷினை அல்ல. மிஷின் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தை.

செப்டம்பர் 27, சனி

கடை திறக்கும் முன்பே ஷட்டருக்கு வெளியே நின்றேன். நிர்மலா வந்தார். எது இருக்கிறதோ அதைக் கொடுங்கள், நீளம் நிறம் எதுவும் பார்க்க வேண்டாம் என்றேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

நேற்று மதியமே வசந்தா வந்து வாங்கிவிட்டாளாம். இன்று மாலை வண்டியில் வரும் என்றார். அதுவரை நான் ஐந்து தடவை வந்த கதை முழுவதும் வகுப்பின் முதல் நாளே காருக்குள் சொல்லியாகிவிட்டதாம். அதாவது திங்கட்கிழமையிலிருந்து வசந்தாவுக்கு எல்லாம் தெரியும். புதன்கிழமை ராத்திரி, 'மிஷின் ஒன்றும் சரியாக அமையவில்லை' என்று நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னபோதும் தெரியும். அப்போது அவள் எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

மாலையில் மிஷின் வந்து இறங்கியது. மஞ்சள் நிறம். நான் பார்த்த மாடல்தான், எது என்று ஞாபகம் இல்லை. வசந்தாவிடம் பால் வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நான் கீழே வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். குழாயை மாட்டி, துப்பாக்கியை இடது கையில் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை உயர்த்த வேண்டியதே இல்லை. நான் இரண்டு துணிகளோடு காருக்கு அந்தப் பக்கம் போனேன். உப்புத் தண்ணீர் காய்வதற்குள் துடைக்க வேண்டும், அது என் வேலை என்று சொல்லிவிட்டேன்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் விசிறி மாதிரி விரிந்தது. கூரையில் இருந்த வேப்பங்கொழுந்தும் காக்காய் எச்சமும் ஒரு வினாடியில் போயின. நன்றாகத்தான் கழுவுகிறது, அதில் பொய் சொல்லக் கூடாது. காருக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் பன்னிரண்டு. அப்புறம் அவள் மேலே போய்விடுவாள். இனி எல்லாக் காலையும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

சத்தம் இருக்கிறது, காதில் விழாது என்கிற தைரியத்தில் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"உன்ற தோளுக்குத் தாமசம் பண்ணுனது நாந்தான் வசந்தா. இது வந்துட்டா நீ காலைல கீழ எறங்க மாட்டியோன்னு பயந்துட்டேன்."

பாதி சொல்லும்போதே மோட்டார் நின்றுவிட்டது. மீதியை நான் அமைதியான வீதியில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. நிமிர்ந்தேன். காருக்கு மேலே அவள் முகம். துப்பாக்கி கீழே தொங்கியது, விசையிலிருந்து விரலை எடுத்திருந்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள்.

ஒளிவதற்குக் கதவும் இல்லை, சக்கரமும் இல்லை. முகத்தைப் பார்த்து முதலிலிருந்து சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நேருக்கு நேர் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெறித்த தண்ணீர் என்று சொல்லலாம், ஆனால் உப்பு என்னவோ ஒன்றுதான்.

அவள் கேட்டாள்:

"டாக்டர் வேண்டாம்னு சொன்னதுக்கப்பறமும் தெனமும் அஞ்சு மணிக்கு எறங்கி வந்தனே, கார் கழுவத்தான் வந்தேன்னு நெனச்சீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"எனக்குந்தான் பயம். அதனாலதான் நீங்க கொறை சொல்லிட்டு வரும்போதெல்லாம் நானும் பேசாம இருந்துட்டேன். பூசணிக்கா உடைஞ்சப்பதான் புத்தி வந்துது. தப்பு ரெண்டு பேர்த்தோடதுந்தான், போச்சாது உடுங்க."

அப்புறம் மிஷினைக் காலால் லேசாகத் தட்டிக் காட்டினாள்.

"நிர்மலா 'பாரு', 'லிட்டரு'ன்னு என்னென்னமோ சொன்னா. நான் ஒண்ணுதான் கேட்டேன். நடுவுல அவரு பேசுனா எனக்குக் காது கேக்கோணும், அதுக்கு எது இருக்குதுன்னு. இதத்தான் எடுத்துக் குடுத்தா."

செப்டம்பர் 9-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நின்றால் எனக்கென்ன, ஓடினால் எனக்கென்ன என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

இரண்டு காரும் முடிய ஐந்து ஐம்பது ஆகிவிட்டது. இருபது நிமிட வேலை, நாலைந்து தடவை நின்று நின்று நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் மோட்டாரை நிறுத்தியது நான் வாயைத் திறந்ததால்தான். பிறகும் அவள் மேலே போகவில்லை. ஆபீஸ் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

உயரம்: பத்தரை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இரண்டு கார்களுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. வசந்தா மஞ்சள் மிஷினுக்கும் பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றினாள். சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தேன். பூசணிக்காய் சுற்ற நான் தயாரானபோது, நம்முடையது ஏற்கெனவே உடைத்தாயிற்றே என்று நிர்மலா சொன்னார். பூஜைப் பொரிகடலை வாங்கிக்கொள்ள வந்தவர், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

உயரம்: ஒன்பது. புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

பதினொன்றல்ல, பதினாலு பெண்கள் சேர்ந்தார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஆளுக்கு ஒரு சுற்று. வசந்தா பின்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். தோள் சரியாகிறவரை அவள் வாயால் சொல்ல வேண்டும், இடது சீட்டில் நான் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கை மட்டும் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆண்களுக்கெல்லாம் மாலை வகுப்பு. நான் பேசவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். மூணாறுக்கு இது ஒத்திகையாம்.

நாள் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. கஷ்டமாக இல்லை. காலையிலேயே எல்லாம் பேசிவிட்டோம்.

உயரம்: எட்டு.